அப்பாவிடம் அது கேட்டது

பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு அனிமே. எவனோ ஒரு புண்ணியவான் அரைகுறை சப்டைட்டிலோடு இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். ஓர் அம்மா, செத்துப்போன மகனின் முகத்தோடு ஒரு ரோபோ, ஒரு சாப்பாட்டு மேசை. மொத்தக் கதையும் அவ்வளவுதான். தினமும் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நல்லா இருக்கும்மா என்று ரோபோ சொல்லும். பிறகு கொல்லைப் பக்கம் போய் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் தகர டப்பாவிலிருந்து மென்ற சோற்றை வழித்துக் கொட்டும். இசை கிடையாது. கரண்டி சுரண்டும் சத்தம் மட்டும்தான்.

செம கடுப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அது ஜூன் மாதம். நன்னிலத்துக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அக்காவுக்குப் பிரசவம் என்று அம்மா சிங்கப்பூர் போயிருந்தார். அப்பா நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே குவைத். வீட்டில் நானும் என் லேப்டாப்பும். எங்கள் இருவரில் லேப்டாப் மட்டும்தான் வேலை பார்த்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கடையில் முட்டை கேட்டபோது குரல் கரகரத்தது. எனக்கே அது வேறு யார் குரலோ போல இருந்தது.

அப்பா தினமும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மெசேஜ் அனுப்புவார். நாலே கேள்விகள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, வேலை விஷயம் என்ன ஆயிற்று. நானும் நாலே பதில்கள் போடுவேன். நாலாவது பதிலை மட்டும் இரண்டு தடவை அடித்து அழித்துவிட்டுப் போடுவேன்.

அந்தத் தொடரின் ஐந்தாவது எபிசோடு முடிந்த மதியம்தான் எனக்கு அந்த ஐடியா வந்தது. என் பழைய மெசேஜ்களையெல்லாம் ஒரு ஏஐக்கு ஊட்டி, அப்பா என்ன கேட்டாலும் என்னைப் போலவே பதில் போடுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாலு வருடம் இன்ஜினியரிங் படித்து உருப்படியாகச் செய்த ஒரே புராஜெக்ட். முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் பார்க்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை மொபெட் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, மேற்கே நாலு கிலோமீட்டரில் வீடு. பின்சீட்டில் ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு சாக்கு. அவர் நேராகக் கொல்லையைத் தாண்டிப்போய் வாய்க்கால் கரையில் நின்றார். நானும் பின்னால் போனேன். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது.

"மாப்ள, தண்ணி எங்க?"

"இன்னும் வரலயே மாமா."

"வந்துருச்சுன்னு நீதான சொன்னியாம். அப்பா போன் பண்ணி வெதய ஊறப் போடச் சொன்னாரு. எங்க பக்கம் தண்ணி ஓடுது, சரி இங்கயும் எட்டிருக்கும்னு நானும் போட்டேன்."

சாக்கைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக ஒரு முளை. இன்றைக்கே சேற்றில் தெளிக்க வேண்டும். நாளைக்கு என்றால் வேர் பின்னிக்கொள்ளும், சூடேறி அழுகும். முளைத்த விதைக்குக் காத்திருக்கத் தெரியாது.

எப்படி நடந்தது என்பது புரிந்துவிட்டது. அப்பா கேட்டிருக்கிறார், அது வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறது. கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்வதுதான் அதன் வேலை.

"கொல்லைக்கும் வாய்க்காலுக்கும் நாப்பது அடி," என்றார் மாமா. "எட்டிப் பாக்குறதுக்கும் இன்ஜினியரிங்ல தனியா பாடம் வைக்கணும்போல."

அதற்கு மேல் திட்டவில்லை. தன் நாற்றங்காலிலேயே ஓர் ஓரம் ஒதுக்கித் தெளித்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய விதைக்கு இடம் குறையும், பரவாயில்லை என்றார். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். தன் வாயிலிருந்து வராது என்றார்.

மொபெட் போனதும் மொபைலை எடுத்து, மூன்று வாரத்துப் பேச்சையும் முதலிலிருந்து படித்தேன். சொல்வதற்கு முன்னால் அது வேறு என்னென்ன பொய் சொல்லியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

நான் எட்டிப் பார்க்காமல் விட்ட மூன்றாம் நாள், நாலு பதிலையும் போட்டுவிட்டு, நான் ஒருபோதும் கேட்காத ஒன்றை அது கேட்டிருந்தது. நீங்க சாப்டீங்களாப்பா?

அப்பா உடனே பதில் போட்டிருந்தார். ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா?

மறுநாளும் அது கேட்டது. ஆச்சு என்று மட்டும் போட்டிருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து பதில் நீள ஆரம்பித்தது. குப்பூஸ் ரொட்டியும் பருப்பும், இன்று சமையல் என் முறை, ரூமில் பிகார்க்காரர் ஒருவர் இருக்கிறார், நான் வைத்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார். இன்னொரு நாள், ஏசி ரிப்பேர், மாடியில் படுத்தோம். இன்னொரு நாள், பல் வலி, சோற்றைக் கரைத்துக் குடித்தேன், அம்மாவிடம் சொல்லாதே. எனக்குத் தெரிந்து அப்பா இவ்வளவு பேசியதே இல்லை.

அந்த அனிமேயின் கடைசி எபிசோடில், ரோபோ போன பிறகு அம்மா அந்தத் தகர டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். என் அப்பாவுக்குத் தெரியாது.

மதிய இடைவேளையில் போன் செய்தேன். நான் கூப்பிட்டதும் பதறினார். தண்ணீர் வரவில்லை என்றேன், விதை மாமா வீட்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டது என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். ரோபோ, புரோகிராம் என்று என்னென்னவோ உளறினேன். அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

விதையைப் பற்றிக் கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, நான் சாப்ட்டனான்னு கேட்டது?"

"அது நான் இல்லப்பா."

"சரி."

"பல்லு வலி இப்ப..."

"அதெல்லாம் போயிருச்சு. மாமாவ கோச்சுக்க வேணாம்னு சொல்லு." வைத்துவிட்டார்.

புரோகிராமை அழித்தேன். மறுநாள் அவர் வழக்கமாக மெசேஜ் அனுப்பும் நேரத்தில் எதுவும் வரவில்லை. நானே சாப்டீங்களா என்று டைப் செய்தேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. எழுத்தில் பார்த்தால் அதுவும் நானும் ஒன்றுதான். அழித்துவிட்டு போன் செய்தேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ம். ஆச்சு."

என்ன சாப்பிட்டார் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அதனிடம் என்றால், என்ன என்று அது கேட்காமலே சொல்வார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் இன்றும் கேட்டது. தேய்ப்பது யார் முறை என்று தெரியவில்லை.