நாணல் வேர்க் கஷாயமும் தேயிலை மலையும்

இலங்கையின் பதுளையில் ஓர் ஆயுர்வேத மருந்துக்கடையில் வேர் இடித்துப் பொட்டலம் மடிப்பவள் நான். வெட்கப்படுகிறவர்களின் வாயிலிருந்து வியாதியைப் பிடுங்குவதுதான் இதில் பாதி வேலை என்பது, என்னைப்போல் மருந்துக்கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஆண்கள் போகட்டும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராஜேஸ்வரி முதலில் வயிற்றுவலி என்றாள். பிறகு இடுப்புவலி என்றாள். கடையிலிருந்த ஆண்கள் போன பிறகுதான் என் காதருகே வந்து உண்மையைச் சொன்னாள். நீர்க்கடுப்பு. மூன்று மாதத்தில் இரண்டாம் தடவை, இந்த முறை காய்ச்சலும் சேர்ந்து.

எங்கள் கடை வைத்தியர் ஆஸ்பத்திரியில் சிறுநீர் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, நாணல் வேரும் நெருஞ்சிலும் போட்டுக் கஷாயம் எழுதினார். எரிச்சலைத் தணித்து நீரைப் பிரிக்கும் என்று வேரை எடுத்துக் காட்டினேன். ஆளுயரம் வளர்கிற அதே நாணல்தான். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"ஏக்கா, எங்க ஆத்தோரத்துல மாடு திங்கிற புல்ல வாங்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

திரும்பி வந்த ஐந்து

இரண்டு வாரத்தில் இன்னும் வாடிப்போய் வந்தாள். நான் கொடுத்தனுப்பிய ஏழு பொட்டலத்தில் ஐந்து அப்படியே இருந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணியாவது நெறையக் குடிச்சியா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் மலை ஏறினால் மாலைவரை கக்கூஸ் கிடையாது. சுற்றிலும் ஆண்கள் நடமாட்டம். அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லையாம். நீரைப் பிரிக்கிற கஷாயத்தை எப்படிக் குடிப்பாள்? கேட்காமல் திட்டியதற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுதுக்கா. ஒதுங்கத்தான் எடமில்ல."

நான்கு பேர்

அதே பொட்டலங்களைக் கையில் திணித்து அனுப்பினேன். அந்த மாதம் முழுக்க அவள் நினைப்புத்தான்.

அடுத்த முறை முகம் தெளிந்து வந்தாள். கடுப்பு விட்டிருந்தது. கூட மூன்று தோழிகள். செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் விரிப்பான படங்கை மூன்று பேர் அவிழ்த்துச் சுற்றி மறைத்துப் பிடிக்க, நான்காமவள் நடுவில் ஒதுங்கி வருவாளாம். முறைவைத்து நால்வரும். கங்காணி சத்தம் போடவில்லையா என்று கேட்டேன். தோழிகளில் மூத்தவள் சிரித்தாள்.

"மொதல்ல கத்துனாருங்க, அப்புறம் அவரே திரும்பி நின்னுக்கிட்டாரு. இப்ப நாங்க நாலு பேரும் தண்ணிப் போத்தலோடதான் மலைக்குப் போறோம்."

நீர்க்கடுப்புக்கு நாணல் வேர், நெருஞ்சில், மூன்று படங்கு என்று எந்த ஏட்டிலும் இல்லாததால், அந்த மூன்றாவது சரக்கை மட்டும், மலையிலிருந்து வருகிற பெண்களுக்கு நான் வாயால் சொல்லி அனுப்புகிறேன்.