உட்கார்ந்தால் முடிந்தது

மோட்டார் சைக்கிளை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்தார். அந்தச் சத்தம் என் பிடரியை விட்டு நகரவே இல்லை. திரும்பிக் கத்தலாமென்றால் மூச்சு இல்லை.

எங்களுக்குள் பேச்சு அப்படி. போன மாதம் ஓடிவிட்டு வந்தவள், கண்ணை இருட்டிக்கொண்டு வர, வாசலிலேயே விழுந்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்குப் பயம். பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"தஞ்சோங் கிளிங் வரைக்கும் கடைசியா ஒரு தடவ ஓடிட்டு வா. நான் பின்னால வருவேன். வழியில ஒரு தடவ உக்காந்தாலும் மோட்டார்ல ஏறிடணும். அதோட இந்த ஹாஃப் மாரத்தான மறந்துடணும்."

"சரிலா," என்றேன். வீம்புதான்.

செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் நின்றே வேலை செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். ஓட்டமென்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். தெருநாய்கூட என்னைத் துரத்தாது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, கூட வேலை செய்த பெண்கள், "ஆண்ட்டி, உங்களுக்கு அஞ்சு கிலோமீட்டர் போதும்லா, நடந்தே முடிச்சிடலாம்," என்று சிரித்தார்கள். சுருக்கென்றது. இருபத்தோரு கிலோமீட்டருக்கே கொடுத்தேன்.

அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் பெருமாளுக்குப் படைத்து ஒருவேளைச் சாப்பாடு, இரவு வெறும் பால். மறுநாள் விடியலில் இந்த ஓட்டம். குளித்து விளக்கேற்றாமல் நான் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. ஓடி வியர்த்துவிட்டு எப்படியும் குளிக்கத்தான் வேண்டும், முன்னால் ஒரு தடவை எதற்கு என்று அப்படியே கிளம்பினேன்.

"ரெண்டு ரொட்டியாவது தின்னுட்டுப் போயேன்."

"வந்து குளிச்சிட்டுச் சாப்பிடுறேன். சும்மா வாங்க."

என் மடத்தனம் திரும்பி வரும்போது தெரிந்தது. கடலோரச் சாலையில் வெயில் ஏறிவிட்டது. கை நடுங்கியது, உதடு மரத்தது. ஓட்டம் போய் நடையாயிற்று, நடையும் தள்ளாட்டமாயிற்று. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஐயோ, அதைப் பார்க்காமல் கடக்க நான் பட்ட பாடு!

மோட்டார் சத்தம் சட்டென்று என்னைத் தாண்டிப் போனது. சற்றுத் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அவர் அதை நிறுத்துவது தெரிந்தது. என்னை ஏற்றத்தான் நிற்கிறார், தொலைந்தது எல்லாம் என்று நினைத்தேன். கடை வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். கடைக்கார மலாய்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். என் முழங்கால் மடங்கியது.

"உக்காராத!"

அவர்தான் கத்தினார். நாற்காலியைக் காலாலேயே அப்பால் தள்ளினார். அவர் கையில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, பால் கலக்காத தேநீர்; உறிஞ்சுகுழல் செருகியிருந்தது.

"நின்னுகிட்டே குடி. சீனி நெறையப் போடச் சொன்னேன்."

"இன்னும் குளிக்கலையே..."

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். குடிடி!"

குடித்தேன். முடியும்வரை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நடுக்கம் அடங்கி எனக்குக் கண் தெளிந்தது. அவர்தான் உடனே பிடியை விடவில்லை.

"போ," என்றார்.

ஓடினேன். கொஞ்ச தூரம் போயும் பின்னால் மோட்டார் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.