அம்மாவின் தாடையும் வண்ணக்கர் மாமாவும்

அம்மா வாயைத் திறந்தால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, முகாமாகிவிட்ட நாவற்குடாப் பள்ளிக்கூடமொன்றில், காய்ந்த பாண் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து அவர் விழுங்கியபோதுதான் அதை முதலில் கேட்டேன்.

அடுத்த வைகாசியில், அம்மன் சடங்கில் அம்மாவால் வாயைத் திறந்து குரவையொலி எழுப்ப முடியவில்லை. பெண்களின் குரவையைத் தொடங்கிவைப்பவர் அவர்தான். அன்று வாய் பாதியில் பூட்டிக்கொண்டது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் அம்மாவின் மூத்த அண்ணன், என் மாமா. எனக்குப் பேசி வந்த கல்யாணத்தைத் தள்ளிவிட்டு அம்மா என்னைப் படிக்க வைத்தது அவருக்கு ஆறவேயில்லை. எல்லோர் முன்பாகவும், "பொம்புளப் புள்ளயப் படிக்கவிட்ட வாய அம்மாள் கட்டிப்போட்டா" என்றார். குற்றம் தீர, சடங்கு முடியும்வரை அம்மா குரவையிட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். அம்மா கண்ணீர் வழிய இட்டார். அதன் பிறகு அவரால் சோறு மெல்ல முடியவில்லை. பெண்களும் அவரை முன்வரிசைக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

போர் முடிந்த காலத்தில் எனக்கு ஆசுபத்திரியில் பிசியோதெரபி வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மாவைப் பல் வைத்தியரிடம் நானே கூட்டிப்போனேன். தாடை மூட்டுத் தேய்வு என்றார். தேய்ந்ததைப் புதிதாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம். மெதுவான சாப்பாடு, சூட்டு ஒத்தடம், அளவான பயிற்சி, வலி கூடினால் மாத்திரை, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல்லின்மேல் மாட்டும் தகடு. அதற்கும் அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஊசி. சத்திரசிகிச்சை கடைசி. வாயை அகலத் திறப்பதும் கத்துவதும் ஆகவே ஆகாது. மாமாவின் தீர்ப்பை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவே ஆசுபத்திரிக்கு என்னிடம் வந்தார். அவருக்கும் அதே தாடை மூட்டு. வெற்றிலையை விடச் சொன்னேன், கஞ்சி குடிக்கச் சொன்னேன், உரத்துப் பேசக் கூடாது என்றேன். வைத்தியத்தில் ஒன்றையும் குறைக்கவில்லை. பயிற்சி காட்டும்போது மட்டும் கேட்டேன்.

"உங்கட வாய அம்மாள் ஏன் மாமா கட்டினவ?"

மாமா கதவைப் பார்த்தார். "மகள், வீட்ட வந்து செய்ய ஏலாதா? இஞ்ச ஆக்கள் காணுற."

"ஆசுபத்திரிக்கு எப்பவும் வாங்க. நான் உங்கட வீட்ட வாறதெண்டா, கோயில்ல அம்மாவச் சொன்னத கோயில்லயே மாத்திச் சொல்லுங்க."

அடுத்த சடங்கில் சொன்னார். தங்கைக்கு வந்தது நோய், தெய்வக் குற்றமல்ல என்று, தாடை அசையாமல் முணுமுணுத்தார். போதும் என்று அம்மா என் கையைப் பிடித்தார். எனக்குப் போதவில்லை.

"கேக்கல்ல மாமா. உரத்துச் சொல்லுங்க" என்றேன்.

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.