மூன்று சின்னது, ஒன்று பெரியது

ஸ்டெல்லாவின் நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். நரம்பியல் மருத்துவர் அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தார். தாங்கள் கண்டுபிடித்தது பிள்ளைகளுக்கே தெரியாததால் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

ஸ்டெல்லா என் மனைவி. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவன். என் துணுக்குகளில் வரும் மனைவியின் கையில் எப்போதும் பூரிக்கட்டை இருக்கும். என் மனைவியின் கையில் இருந்தது ஊசி.

மழை ஓய்ந்ததும் மலையில் குளிர் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. தையற்கடைகளில் விழுகிற துண்டுகளையும் வீடுகளில் கிடக்கும் பழைய புடவைகளையும் சேர்த்தாள். எடுத்த எடுப்பில் ஊசியைக் கொடுத்துவிடவில்லை. தான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைக்குள் முதலில் நாலைந்து பேராகப் படுக்கச் சொன்னாள். படுத்தார்கள், ஒருவன் தூங்கியே போனான். பிறகு துண்டுகளைத் தரையில் பரப்பி, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று அவர்களையே அடுக்கவிட்டாள். அம்மாவின் புடவைத் துண்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் லுங்கித் துண்டை வைக்க ஒரு பொடியன் சம்மதிக்கவில்லை. சண்டை வரும் என்றானாம்.

அதற்குப் பிறகுதான் முனை மழுங்கிய பெரிய ஊசியும், கெட்டி நூலும், ஓட்டுத் தையலும் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகிற எளிய தையல்).

ஒருநாள் பிள்ளைகள் தைத்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பரப்பினாள். எல்லாம் கோணல். கோணல்கூடப் பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரே கோணல்.

"இன்னாங்க இது, சொல்லி வெச்சா மாரி அத்தினி பேரும் ஒண்ணா தப்பு பண்ணிக்கினு கீதுங்க?"

மறுநாள் வகுப்பில் அதட்டினாள். காவ்யா என்று ஒரு சிறுமி, பயப்படாமல் எழுந்து நின்றாள்.

"நீங்கதான மிஸ் அப்டி தெச்சீங்க. மூணு சின்னது, ஒண்ணு பெருசு. நாலாவதுல ஊசி கீழ வழுக்கணும்."

ஸ்டெல்லா தான் தைத்துக் காட்டிய மாதிரித் துணியை எடுத்துப் பார்த்தாள். மூன்று சின்னது, ஒன்று பெரியது. ஒவ்வொரு நாலாவதும் சறுக்கியிருந்தது.

சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். அதை ஒரு துணுக்காக எழுதி அனுப்பினேன். பிரசுரமும் ஆனது.

அதற்குப் பிறகு சாக்பீஸ் விரலிலிருந்து விழ ஆரம்பித்தது. சாவியைத் திருப்ப இரண்டு கை தேவைப்பட்டது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றி, அங்கே ஒரு குழி விழுந்தது. உள்ளூரில் காட்டியபோது கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு கொஞ்ச காலம் மலை ஏறி இறங்கினாள். கையில் ஆரம்பிக்கிற கோளாறைப் பலர் விஷயத்திலும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஆகியிருந்தால் யாரையும் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். அந்தத் தெம்பு வேறு வேலைகளுக்குத் தேவைப்படும்.

சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்தார். சின்ன வயதுப் பெண். தசைகளில் மெல்லிய ஊசி செலுத்தி, அங்கே ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஸ்டெல்லா அந்த ஊசியைத் தொழில் ஆர்வத்தோடு பார்த்தாள். மோட்டார் நியூரான் நோய் (தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது) என்றார் மருத்துவர்.

"குணமாயிடுங்களா டாக்டர்?" என்றேன்.

"மருந்து வேகத்தக் கொஞ்சம் கம்மி பண்ணும் சார். நிறுத்தாது."

ஸ்டெல்லா வேறு கேள்வி கேட்டாள். "இது தொத்துங்களா? நான் சின்னப் பசங்களோட இருக்கிறவ."

"யாருக்கும் தொத்தாதும்மா. தைரியமா இருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னசேலம் தாண்டியதும் சொன்னாள்:

"அந்தம்மாவுக்கு இன்னா தெரியும். ஏற்கெனவே தொத்திக்கிச்சி. மொத்த கிளாசும் என் நோவத்தான் தெச்சிக்கினு கீது."

"அதுங்க மறந்துடும், விடு."

"கையில ஏறுனது மறக்காதுங்க. அத எடுத்துட்டுத்தான் நான் போவணும்."

எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சரியான தையலைச் செய்து காட்ட அவள் கைக்கு இனி வராது. பிள்ளைகளோ காது கொடுத்துக் கற்கிறவர்கள் இல்லை, பார்த்துக் கற்கிறவர்கள். ஆகவே வேறொரு கை வேண்டியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது என் கை. அறுந்த சட்டைப் பொத்தானை ஸ்டேப்ளர் அடித்து நிறுத்திய கை அது.

சாயங்காலங்களில் நான் தைத்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினாள். நாக்கு அப்போதே கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. திட்டு மட்டும் தெளிவாக வந்தது.

"இது தையலா? தவளை குதிச்சிக்கினு போன மாரி கீது. பிரிங்க."

"இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போவட்டுமே."

"பிரிங்கன்றேன்."

பிரித்தேன். ஒரு வரிசை ஒழுங்காக வருவதற்குள் விரல் நுனியெல்லாம் பொத்தல். அவளுக்கு ஒரு கை முழுதாகத் தொங்கிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் விடுப்பு எடுத்து, வாடகைக் காரில் அவளை மேலே கூட்டிப்போனேன். கரும்பலகைக்குக் கீழே நாற்காலியில் அவள்; தரையில் பிள்ளைகளோடு நான். என் தொப்பை காரணமாக எனக்கு இரண்டு பேருக்கான இடம் விட்டார்கள்.

"சார், நீங்க எந்த கிளாஸ்?" என்றான் ஒருவன்.

"உன் கிளாஸ்தான்டா. ஃபெயிலாகி வந்திருக்கேன்."

வகுப்பு சிரித்தது. காவ்யா சிரிக்கவில்லை. என் தையலை எட்டிப் பார்த்தாள்.

"மிஸ்ஸு தையல்தான் நல்லா கீது. இது வெறும் நேரா போவுது."

பழையதைப் பிரிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னபோது, காவ்யா தன் துணியை மடியில் போட்டு மூடிக்கொண்டாள்.

"ஏன் மிஸ் பிரிக்கணும்? கிழியலையே."

ஸ்டெல்லா பதில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வந்தது. "எங்கையி சரியில்ல பாப்பா. உங்கையி நல்லா கீது. நீ உங்கையில தெய்யி."

காவ்யா அழுதுகொண்டே பிரித்தாள். கத்திரிக்கோல் வேண்டாம் என்று பல்லால் நூலைக் கடித்தாள்.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வகுப்பின் தையல் மாறிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோணல் குறைந்தது, ஸ்டெல்லாவும் குறைந்தாள். ஒன்றை முந்திக்கொண்டு இன்னொன்று போவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மலை ஏற முடியவில்லை. விழுங்க முடியாமல் போனதும் வயிற்றில் துளையிட்டு உணவுக் குழாய் வைத்தார்கள். இதற்கு நாங்கள் தயங்கி நாளைக் கடத்தினோம். அதற்குள் உடம்பு பாதியாகிவிட்டது. மருத்துவர் சொல்லும்போதே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்து மூச்சுக் கருவி (முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம்) வந்தது. பேச்சு போய், கண் மட்டும் பேசியது. ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இவ்வளவு சுருக்கமான உரையாடல் இருந்ததில்லை.

பிள்ளைகள் முடித்த பெரிய போர்வையைப் பள்ளியிலிருந்து வாங்கிவந்தேன். அவள் முகத்துக்கு நேரே பிடித்து, வரிசை வரிசையாக நகர்த்தினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசி வரிசை முடிந்ததும் ஒருமுறை இமைத்தாள்.

"நாமே வெச்சிக்கலாமா? உனக்குப் போத்தி வுடட்டுமா?"

இரண்டு முறை. அது பிள்ளைகளுடையது. மறுநாளே திருப்பிக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடியும் சமயத்தில், ஒரு மத்தியானம், மூச்சுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள்.

நைனார்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டாரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். திரும்பி வருவதற்குள் உறவினர்கள் வீட்டைக் கழுவி, அவள் படுத்திருந்த மெத்தை, தலையணை, போர்வை, அவள் எப்போதோ தைத்த பழைய ஒட்டுத்துணி எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்; இறந்தவரின் படுக்கை வீட்டில் தங்கக் கூடாது. தவறென்று யாரையும் சொல்ல முடியாது. அவர்கள் பாத்திரத்தைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து மலைக்குப் போனேன். போர்வையைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். அது உண்மை. எங்காவது ஒரு கோணல் வரிசை பிரிக்காமல் தப்பியிருக்காதா என்று தேடத்தான் போனேன். மேல்பக்கம் பார்த்தேன், திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தது. நான் இதுவரை முழுதாகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான்.

காவ்யா இப்போது மூன்றாம் வகுப்பு. அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிஸ்ஸு மாரி தெச்சிக் காட்டுவியா பாப்பா? மூணு சின்னது, ஒண்ணு பெருசு."

"அது தப்புன்னு மிஸ்ஸு சொன்னாங்களே சார்."

"ஒரே ஒரு வாட்டி. பிரிச்சிடலாம்."

துணியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று சின்னது போட்டாள். நாலாவதும் சின்னதாகவே விழுந்தது. பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். நாலாவதை வேண்டுமென்றே இழுத்துப் பெரிதாக்கினாள். அது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். வழுக்கவில்லை.

"வரல சார். கையி மறந்துட்டுச்சி."

நானும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. பெருவிரல் ஊசியை விடமாட்டேன் என்றது. பலமான விரல், அப்படி ஒன்று என்னிடம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது தெரிந்துகொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பும்போதும், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போதும், பேனா மூடியைக் கழற்றும்போதும் அது வேலை செய்வதை நின்று பார்க்கிறேன். காலையில் சட்டை போட ரொம்ப நேரம் ஆகிறது. ஒவ்வொரு பொத்தானும் துளைக்குள் போகும்வரை காத்திருக்கிறேன். அலுவலகத்துக்குத் தினமும் தாமதம். ஏன் என்று கேட்டால், பஸ் கிடைக்கவில்லை என்கிறேன்.