ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர்

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் மத்தியானம், நான் பிழைக்க மாட்டேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் படுத்திருந்தேன். பக்கத்தில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். இதைச் சபையார் முன்னால் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இனியும் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம்.

போன வருடம் ஐப்பசி மாதம் அது. என் கணவர் வீடு கீழ்வேளூர் பக்கம். அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து பாபநாசம் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிரசவம் சுகமாக நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் டிப்ளமோ படித்தவள். அரிசி ஆலைகளில் எடைத் தராசையும், நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவியையும் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. எதையும் கட்டம் போட்டு எழுதி வைப்பது பழக்கம். கர்ப்பமான நாளிலிருந்து ஒரு நோட்டில் நாள், நேரம், ரத்த அழுத்தம், எடை என்று எழுதி வந்தேன். என் ஜெபக் குறிப்புகளுக்குக்கூட எண் போட்டிருப்பேன். ஒன்பது மாதமும் ரத்த அழுத்தம் ஒழுங்காகவே இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் தலைவலி ஆரம்பித்தது. வீட்டில் இருந்த மெஷினில் பார்த்தேன். 148/96. மறுநாள் காலையில் 162/108. என் வேலையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம், எண் பொருந்தாமல் வந்தால் கருவியைச் சந்தேகப்படு என்பது. அதையே செய்தேன். பேட்டரியை மாற்றினேன். அம்மா கையில் கட்டிப் பார்த்தேன். அவருக்கு 124/78 வந்தது. அவருக்கு எப்போதும் வருவது அதுதான். அப்படியென்றால் மெஷின் சரியாக இருக்கிறது. அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் உடனே இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். என் கை வீங்கியிருக்கிறது, பட்டை இறுக்கமாகப் பிடிக்கிறது, அதனால் கூடுதலாகக் காட்டுகிறது. 162/108 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டை மூடினேன். ஆலையில் ஒரு மூட்டை நெல்லுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

அன்று காலை தலைக்கு ஊற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் தலைவலி தாங்க முடியவில்லை. கண் முன்னால் பொறி பறந்தது. நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கம் பிசைவது போல வலி.

"தலைக்கு ஊத்துனதுல நீர் கோத்துக்கிச்சு பாப்பா. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டா வாங்கிடும்" என்றார் அம்மா.

"தண்ணி குடுங்கம்மா. நாக்கு வறண்டு கிடக்கு."

"பச்சை உடம்பு. ரெண்டு மடக்கு போதும்."

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். ஈரக்காற்று படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்து வைத்தவர், எனக்காக மூன்று நாளாகச் சரியாகப் படுக்கவே இல்லை.

மூன்று மணி இருக்கும். அம்மா வாசலில் இருந்தார். அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. எண் போட்டு ஜெபிக்கிறவளுக்கு அன்று ஒரு வேதவசனம்கூட நினைவுக்கு வரவில்லை. ஒரே வரிதான் வந்தது. "ஆண்டவரே, யாராவது ஒருத்தர் இந்தக் கதவுக்கு உள்ளே வரணும்."

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கிராமத்து நர்ஸ் விமலா சிஸ்டரின் குரல் கேட்டது.

"பிள்ளை பெத்த பொண்ணு வந்திருக்காமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இப்பத்தான் சிஸ்டர் கண்ணசந்தா. அவ பேரு கீழ்வேளூர்லல்ல பதிஞ்சிருக்கு, உங்க லிஸ்ட்லயே வராது. பதினாறு நாள் கழியட்டும், நானே சொல்லி அனுப்புறேன்."

"தலைவலி, காய்ச்சல் ஏதும் இருக்காம்மா?"

"லேசா நீர் கோத்திருக்கு, வேற ஒண்ணுமில்ல."

ஸ்கூட்டி கிளம்பியது. தெரு முனை வரைக்கும் அந்தச் சத்தம் போவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கேட்ட ஜெபத்துக்கு வாசல் வரை பதில் வந்து திரும்பிப் போய்விட்டது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட இருட்டான நேரம் இல்லை. பிறகு சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நெருங்கி வந்தது.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க. வெயில்ல வந்தது தொண்டை காயுது."

அன்று வெயிலே இல்லை. காலையிலிருந்து தூறல். ஆனால் தண்ணீர் கேட்டு வந்தவரை வாசலில் நிற்க வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அம்மா உள்ளே கூப்பிட்டார். சிஸ்டர் சொம்பைக் கையில் வாங்கியதும் நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இது என்ன கேள்விக்குறி?"

"மெஷின்... சரியில்ல சிஸ்டர்."

"மெஷினுக்கு ஒண்ணுமில்லம்மா. உனக்குத்தான் சரியில்ல."

அவர் கருவியில் 170/114 வந்தது. அந்தச் சொம்பை என் வாயில் வைத்து இரண்டு மடக்கு குடிக்கவிட்டு, உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மழை வலுத்து, வாய்க்கால் கரை உடைந்து எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. சிஸ்டர் கொல்லைப்பக்கம் போய், நடவு வயலில் நின்ற பெண்களைக் கூப்பிட்டார். சேறு கழுவாத காலோடு ஏறி வந்து, கயிற்றுக் கட்டிலோடு என்னைத் தூக்கினார்கள். மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழியில் எனக்கு ஜன்னி கண்டது. அதன் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. சிஸ்டர் என்னை இடதுபக்கம் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே தண்ணீரில் நடந்தார் என்று அம்மா சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தேன். அம்மா வெறும் உருவமாகத்தான் தெரிந்தார். குழந்தையைக் கேட்டேன். "தாய்ப்பால் வங்கியில பால் வாங்கிக் குடுத்தாங்க பாப்பா, குடிச்சா" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதார். மகள் முகம் தெளிவாகத் தெரிய இன்னும் நாலு நாள் ஆனது. அவள் மேல் உதட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. பார்த்தவுடன் ஆண்டவரை ஸ்தோத்திரித்தேன்.

சாட்சி இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு விமலா சிஸ்டரிடம், அன்று ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கவிதாவைப் பற்றிச் சொன்னார். கவிதா எங்கள் பின்தெருப் பெண். முந்தின வருடம் பிரசவத்துக்கு வந்தவள், எட்டாம் நாள் இறந்துவிட்டாள். ஜன்னி வந்து போய்விட்டாள் என்று அம்மா போனில் சொன்னபோது, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நானும் என் வேலையைப் பார்த்தேன்.

"அவளும் என் லிஸ்ட்ல இல்ல. இருந்தாலும் போனேன். தூங்குறான்னு வாசல்லயே சொன்னாங்க. சரின்னு வந்துட்டேன். மறுநாள் போனப்ப சாமியானா போட்டிருந்தாங்க. உங்க தெரு முனையில வண்டி தானா நின்னுபோச்சும்மா. மறுபடி தூங்குறான்னு சொன்னா எப்படி உள்ள போறதுன்னு யோசிச்சேன். தண்ணி கேக்கலாம்னு தோணுச்சு."

"நான் வந்தது உங்களுக்கு யார் சொன்னது சிஸ்டர்?"

"ராஜாத்தி அக்காதான். நடவுல நின்னவங்க ரோட்டுக்கு ஏறி வந்து வண்டிய மறிச்சு, 'அந்த வீட்டுக்குப் பொண்ணு வந்திருக்கு, போய்ப் பாரு'ன்னாங்க. உன் கட்டில்ல முதல்ல கை வச்சதும் அவங்கதான்."

ராஜாத்தி அத்தை கவிதாவின் அம்மா.

நான் ஜெபித்தது மூன்று மணிக்கு. அத்தை வண்டியை மறித்தது அதற்கும் முன்னால். நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் பதிலைப் புறப்பட வைத்திருந்தார். அதை அவர் யார் கையில் கொடுத்து அனுப்பினார் என்பதை நினைக்கும்போது, சந்தோஷத்தோடு ஒரு பயமும் வருகிறது.

நடக்கத் தெம்பு வந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் இடுப்பில் கவிதாவின் மகன் இருந்தான். நன்றி சொன்னேன். அவர் என் மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீ கும்பிட்டே, உங்க சாமி ஆளை அனுப்புச்சு. நானும்தான் மாரியம்மனை விழுந்து விழுந்து கும்பிட்டேன். எம் பொண்ணுக்கு ஏன்டி யாரும் உள்ள வரல?"

அவரோடு உட்கார்ந்து அழுதேன். பரலோகத்தில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா வீட்டுக்கு வருகிறேன். ஆராதனை முடிந்ததும் மெஷினையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போகிறேன். ராஜாத்தி அத்தையும் கூட வருகிறார். எந்த வீட்டுக்கு எந்தப் பெண் வந்திருக்கிறாள் என்பது நடவுக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம், மூச்சுத் திணறல், அதிக ரத்தப்போக்கு என்று என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதில் ஒன்று இருந்தாலும் உடனே விமலா சிஸ்டருக்குப் போன். நோட்டில் கேள்விக்குறி போடுவதை விட்டுவிட்டேன்.

அன்பானவர்களே, எண் போட்டு ஜெபிக்க முடியாத நேரத்தில் ஒரே வரியில் கேளுங்கள். ஆண்டவர் அதைக் கேட்கிறார். நான் உயிரோடு எழுதுகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் பச்சை உடம்புக்காரி இருந்தால் கதவை அடைத்துவிட்டு ஜெபிக்காதீர்கள். அனுப்பப்பட்டவர் வாசலில் நிற்கக்கூடும்.

போன ஞாயிறு ஒரு வீட்டில், "பொண்ணு தூங்குது, அப்புறம் வாங்க" என்றார்கள். நான் தயங்கி நின்றேன். ராஜாத்தி அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"தூங்கட்டும்மா. எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடு."