பன்னிரண்டு அடுப்பு, ஒரு வீடு

தைப்பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை அக்கரப்பத்தனைப் பக்கம் தம்பி ராஜேந்திரனைப் பார்க்கப் போய் வந்தேன். சந்தோஷமான பயணம் இல்லை. கார்த்திகை மழையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அவர்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் டிரோனில் லேசர் கருவி கட்டிப் பறக்கவிட்டு மலையை அளந்திருந்தார்கள். அந்த வரைபடத்தை அன்றைக்குத் தோட்டத்து மண்டபத்தில் காட்டுவதாக இருந்தது. யார் வெளியேற வேண்டும், யாருக்குப் புது வீடு என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஹட்டனில் காலை 6.40 பஸ். தலவாக்கலைக்கு 110 ரூபாய், அங்கிருந்து அக்கரப்பத்தனைக்கு 120. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ 500 கேட்டார், 450 கொடுத்தேன். (மழை பெய்தால் பேரம் பேச முடியாது.) வழியெல்லாம் பனிமூட்டம், பார்க்க ஒன்றுமில்லை.

"மரத்துக்கு அடியில இருக்கிற மண்ணக்கூட அது பாத்துருமாம்ங்க," என்றார் ஆட்டோக்காரர். "நம்மளத்தான் ஒருத்தரும் பாக்க மாட்டேங்கிறாங்க."

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, தம்பி கூரைமேல் அந்த வரைபடத்தின் ஆபத்துச் சிவப்பு விழக்கூடாது என்று மட்டும் கேட்டேன்.

படம் காட்ட வந்த இளம் அதிகாரிக்குத் தமிழ் நன்றாக வந்தது. பொறுமையாக விளக்கினார். லேசர் ஒளி இலைகளுக்கு நடுவே நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்புமாம். பிறகு தேயிலையையும் மரங்களையும் படத்திலிருந்து எடுத்துவிட்டால் வெறும் மலை தெரியுமாம். திரையில் பார்த்தேன். தோலை உரித்துப் போட்டது போல் இருந்தது. நாங்கள் கொழுந்து பறித்த மலைக்குள் இவ்வளவு நீளமாக வெடிப்பு ஓடியிருந்தது. ராஜேந்திரனின் லயம் முழுவதும் சிவப்புக்குள்.

அதற்காவது மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தோம். அடுத்து வந்ததுதான் இடி. வீடுகள்: ஒன்று. அறைகள்: பன்னிரண்டு. குடும்பத் தலைவர்: ராஜேந்திரன்.

டிரோன் பறந்த அன்று எத்தனை வீடு என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். ராஜேந்திரன் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், சிங்களம் தெரிந்தவன். ஒரு லயம், பன்னிரண்டு காமர என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். எங்களுக்குக் காம்பரா என்றால் ஒரு குடும்பம் குடியிருக்கும் இடம். அவர்கள் மொழியில் காமர என்றால் வெறும் அறை. பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே புது வீடு என்றாகிவிட்டது. மேலேயிருந்து பார்த்தாலும் நீளமாக ஒரே தகரக் கூரைதான். இலைக்கு அடியில் மண்ணைப் பார்த்த கருவி, தகரத்துக்கு அடியில் சுவர்களைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் காம்பரா செல்வி எழுந்தாள். "பன்னெண்டு அடுப்பு எரியிற வீட்டுக்கு நீங்கதான் சொந்தக்காரருன்னு இத்தன நாளா சொல்லவே இல்லையே தலைவரே."

இரண்டொருவர் சிரித்தார்கள். ராஜேந்திரன் எழுந்து, இதைத் திருத்த முடியுமா என்று கேட்டான்.

திருத்தலாம், ஆனால் மறுபடி ஆள் வந்து நேரில் பார்க்க வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் வந்தவர். அதுவரை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்க வேண்டும்.

லயத்துக்குத் திரும்பியதும் தம்பி சுண்ணாம்பைக் கரைத்தான். கதவு கதவாக 'வீடு' என்று எழுதிக்கொண்டே போனான். நாளைக்குக் காலி செய்யப்போகிற கதவுகள். செல்வி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கே வந்ததும் சுண்ணாம்பு வாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெருசா எழுதுங்க. வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாது."

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடையும், அட்டைக் கடிக்கு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு நாலு மணி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். உங்கள் லயத்துக்கு மேலேயும் டிரோன் பறந்தால், எந்த மொழியில் கேட்டாலும் வீடு என்றே சொல்லுங்கள். பன்னிரண்டு வீடு என்று சொல்லுங்கள்.

மறுநாள் பூசை முடித்துத் தம்பிக்குப் போன் எடுத்தேன். காம்பராவிலா இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய சொல். அடக்கிக்கொண்டு, "வீட்டுலயா இருக்க?" என்றேன்.

"இல்ல அக்கா," என்றான். "ஸ்கூலுக்கு வந்துட்டோம்."