மாவுக்கட்டுக் கிரீடம்

"அசையாதீங்க. அசைஞ்சா எலும்பு கோணலா ஒட்டிக்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. சரி, உங்க வீட்ல ஆறு ஏழு வயசுல பொண்ணு இருக்கா?"

மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்திருந்த லாரி ஓட்டுநர் வலியை மறந்து விழித்தார். இருக்கிறது என்றார். "இளவரசி உடுப்புன்னா என்ன கலர் கேக்குது? ரோஸா, நீலமா?" என்று கேட்டபடியே அவர் கையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தாள், கட்டுப் போடுகிறவள். அவர் நன்றாக யோசித்தார். "எம் பொண்ணு டிராக்டர்தாங்க கேக்குது" என்றார். இவரால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று முடிவு கட்டி, நனைத்த மாவுத்துணியை மளமளவென்று சுற்றி முடித்து, அடுத்து முழங்காலில் அடிபட்டு வந்த கல்லூரிப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்கப் போய்விட்டாள்.

எலும்பு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டு அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு நின்றுகொண்டே, டீ நடந்துகொண்டே. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். செருப்பின் அடியிலும் மாவுதான். அதனால் அவள் எங்கே போயிருக்கிறாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் அசையாமல் இருக்கச் சொல்வது அவள் பிழைப்பு. அவளை மட்டும் யாராலும் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிறுத்த முடியாது. "உங்க ரெண்டு காலுக்கும் நானே ஒரு நாள் கட்டு போட்டுவிடப் போறேன்" என்று டாக்டர் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வராந்தாவின் மறுகோடியில் இருப்பாள்.

கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். ஒரு பெண் குழந்தை. தாய் போன பிறகு இரண்டு வருஷம் பெரியம்மா வீட்டில் வளர்ந்துவிட்டு, இப்போதுதான் நாலு மாதமாக இங்கே இருக்கிறது.

குழந்தை நல்ல குழந்தை. அவளுடைய கவலையே அதுதான். அடம் இல்லை, அழுகை இல்லை. போட்டதைச் சாப்பிடும். தட்டைக் கழுவி வைக்கும். "தண்ணி குடிக்கலாமா?", "லைட்டு போடலாமா?" என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு கேட்கும். அவளை அம்மா என்றோ சித்தி என்றோ எதுவும் சொல்லிக் கூப்பிடாது. கூப்பிட வேண்டியிருந்தால் பக்கத்தில் வந்து, அவள் திரும்பிப் பார்க்கும்வரை சத்தம் போடாமல் நிற்கும். விருந்துக்கு வந்த இடத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பிய மாதிரி இருக்கும். போன வாரம் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை உடைத்துவிட்டு, துண்டுகளைத் தானே பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, "இளவரசி பார்ட்டி" என்றது குழந்தை. உடனே, "இல்லன்னாலும் பரவாயில்லை" என்றும் சேர்த்துக்கொண்டது.

அதே வாரம் பெரியம்மா போன் செய்தார். கெட்ட மனுஷி இல்லை. தங்கை பெண்ணை இரண்டு வருஷம் மடியில் வைத்து வளர்த்தவர், சுற்றி வளைக்காமல் பேசினார். "பொறந்த நாளுக்கு வர்றேன். அப்படியே அவகிட்டயும் கேட்டுடலாம். எங்க இருக்கணும்னு அவளே சொல்லட்டும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன், நீங்களும் கட்டாயப்படுத்தக் கூடாது."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், துவைத்து மடித்து வைத்திருந்த துணியையெல்லாம் உதறி மறுபடி மடித்தாள்.

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. ஃபிரிட்ஜ் கடையில் கெஞ்சிப் பெரிய அட்டைப்பெட்டிகளாக வாங்கிவந்தாள், கோட்டைக்கு. அச்சகத்தில் காகிதம் சுற்றி வருகிற தடித்த அட்டைக் குழாய்களைக் கணவர் கொண்டுவந்தார், கோபுரங்களுக்கு. காலாவதியாகி வீசப்போகிற மாவுத்துணிச் சுருள்களைத் தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டு ஒரு பை நிறைய எடுத்துவந்தாள். சுவர், கதவு, கதவுக்கு மேலே வளைவு, வளைவுக்கு மேலே கொடி. ஒரு நாள் கட்டியதை மறுநாள் பிய்த்துப்போட்டாள். கோபுரம் சாய்ந்திருக்கிறது என்பாள். கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "நேராத்தானே இருக்கு" என்பார். "உங்க கழுத்துதாங்க சாய்ஞ்சிருக்கு" என்பாள்.

கதை வேண்டும் அல்லவா? நூலகத்திலிருந்து இளவரசிக் கதைப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்து, அடுப்பங்கரையில் நின்றபடி புரட்டினாள். எதைத் திறந்தாலும் ராஜா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். வந்தவள் ஒருத்தி விஷம் வைக்கிறாள். ஒருத்தி பெண்ணைக் காட்டில் விட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறாள்.

"ஏங்க, இதையெல்லாம் எழுதினவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

கணவர் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாத இடம் என்று அவருக்கு லேட்டாகத்தான் புரிந்தது. "பூதத்தைப் போட்டுக்கலாமே" என்றார் சமாதானமாக. அவள் புத்தகங்களைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோட்டைக் கதவைப் பூதம் பூட்டிக்கொண்டது, இளவரசி படையோடு போய் மீட்டாள் என்று சொந்தமாக ஒரு கதை செய்தாள். ராஜாவுக்கு அதில் ஒரே கல்யாணம்.

முந்தின நாள் சாயங்காலம் கிரீடம். வட்டமாக அட்டை வெட்டி ஜிகினா ஒட்டினால் கிரீடம்தான். ஆனால் அவளுக்கு அது போதாது. தலைக்கு அளவெடுத்த மாதிரி, ஆடினாலும் விழாத கிரீடம் வேண்டும். குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்து, முடியை வாரி உயர்த்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் பஞ்சு சுற்றி, மாவுத்துணியை நனைத்து நெற்றியைச் சுற்றி அடுக்கினாள். முனைகளைக் கூராகக் கிள்ளி எடுத்தாள். அதுவரை அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதுச் சுருள் என்றால் சட்டென்று இறுகிவிடும். காலாவதியானது இறுகவே இல்லை. குழந்தை உட்கார்ந்தே இருந்தது. காதருகில் ஒரு கற்றை முடி நழுவி ஈரமாவின்மேல் கிடந்தது. அவள் அதை எடுத்துவிடக் கை நீட்டிய அந்த நேரத்தில் வாசல் கதவு சத்தம் கேட்டு, "அப்பா" என்று குழந்தை திரும்பியது.

ஆஸ்பத்திரியில் என்றால் போலீஸ்காரர், பயில்வான் என்று பார்க்காமல் அதட்டியிருப்பாள். இங்கே 'அசையாதே' என்ற அந்த ஒரு சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. இந்த நாலு மாதத்தில் அவள் குழந்தையை ஒரு தடவைகூட அதட்டியதில்லை. அதட்டினால் தான் அந்தப் புத்தகங்களில் வருகிறவள் ஆகிவிடுவோமோ என்று பயம். பயந்துகொண்டே இருக்கிறவளை எந்தக் குழந்தை அம்மா என்று நினைக்கும்? அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய?

திரும்பியதில் கற்றை ஈரமாவுக்குள் அமுங்கி, மாவு இறுகியபோது உள்ளே மாட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். கைக்குழந்தைகளுக்குக் கட்டுப் பிரிக்கிற முறை அதுதான். கிரீடம் ஊறிப் பிட்டுப் பிட்டாக வந்தது. முடியும் பெரும்பாலும் வந்துவிட்டது. காதோரத்தில் மட்டும் விரலளவுக்குக் கல்லாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கத்தரியை எடுத்தாள். கத்தரியைப் பார்த்ததும் குழந்தையின் தோள் இரண்டும் மேலே ஏறின. தினமும் எத்தனையோ பேருக்குக் கட்டு வெட்டுகிறவள் அன்று கத்தரியை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டுத்தான் வெட்டினாள். கறுப்பு முடியும் வெள்ளை மாவுமாக ஒரு சின்ன உருண்டை மடியில் விழுந்தது.

"பரவாயில்லை" என்றது குழந்தை.

"அழணும்னா அழுடா. என்மேல கோவம்னா கத்து."

"இல்ல, பரவாயில்லை. நான்தான் திரும்பிட்டேன்."

ஓவென்று அழுதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தானே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் இன்னொரு கிரீடம் செய்தாள்.

மறுநாள் பெரியம்மா சீக்கிரமே வந்துவிட்டார். குழந்தையைத் தூக்கி முத்தமிட்டவரின் கை நேராகக் காதோரத்துக்குத்தான் போனது. "முடி எங்கடி?"

குழந்தை வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான்க்கா வெட்டினேன். கிரீடம் பண்றப்ப மாவு ஒட்டிக்கிச்சு. என் கவனக்குறைவுதான்."

பெரியம்மா அவளையும் பார்த்தார், கோட்டையையும் பார்த்தார். "அவ அம்மாவுக்கு இந்த முடின்னா உசுரு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திட்டியிருக்கலாம்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். வீடு கிடுகிடுத்தது. வந்த வேகத்தில் ஒருத்தி கேட்டாள், "இதுல கெட்டவங்க யாரு?" பலூன் ஊதிக்கொண்டிருந்த மாவுக்கட்டு அக்கா பாதியில் நிறுத்தினாள். "எங்க அப்பா. அவர்தான் பூதம்" என்றது குழந்தை. அச்சக மெஷினுக்கு அஞ்சாத மனிதர் தலையணை உறையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் உறுமினார். உறுமலைவிட இருமல்தான் அதிகம். படை திரண்டு போய் அவரைப் புரட்டி எடுத்தது. பாத்திரத்து அளவில் செய்த கிரீடம் குழந்தையின் மூக்குவரை இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழந்தை அப்பாவைக் குத்தியது.

அவள் ஜூஸ் ஊற்றினாள், ஊற்றியதைச் சிந்தினாள், துடைத்தாள், பலூன் கட்டினாள். கேக் வெட்டிக் கொடுத்தாள். அவளே சுட்ட கேக். யாரோ சாய்ந்ததில் கோட்டைச் சுவர் விரிந்துகொள்ள, டேப்போடு ஓடி அதன் எதிரே மண்டியிட்டாள். கை சுவரில் இருந்ததே தவிர, காது முழுக்கப் பெரியம்மாவின் நாற்காலிப் பக்கம்தான் இருந்தது. குழந்தை கேக்கோடு அவர் மடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பெரியம்மா அதன் முடியைக் கோதியபடி தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன கண்ணு, லீவுக்கு அப்புறம் எங்க இருக்கப் போற? பெரியம்மாகூட வந்துடறியா?"

குழந்தை யோசித்துக்கொண்டே ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டது. மென்றது. முகம் கோணிக்கொண்டது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றது.

"பிடிக்கலையா? இதுல துப்பிடு" என்று பெரியம்மா தன் தட்டை நீட்டினார்.

குழந்தை தட்டைப் பார்த்தது. தலையை ஆட்டிவிட்டு, மூக்கில் இறங்கிய கிரீடத்தை மேலே தள்ளிக்கொண்டு, பூதத்தையும் படையையும் விலக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே ஓடிவந்தது. பக்கத்தில் வந்து அவள் திரும்பட்டும் என்று நிற்கவில்லை. சுவரில் டேப்பை அழுத்திக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்து இழுத்தது, உள்ளங்கையை விரித்தது, அதில் துப்பியது.

"உவ்வே. இதுல ஏன் திராட்சை போட்ட? எனக்குப் பிடிக்காது."

அவள் துப்பட்டா நுனியிலேயே வாயைத் துடைத்துக்கொண்டு பூதத்தை அடிக்கத் திரும்பி ஓடிவிட்டது.

நாற்காலியில் பெரியம்மா நீட்டிய தட்டை மெல்ல மடியில் இறக்கினார். கை துடைக்கக் கணவர் ஒரு துணியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. விரல்களை இறுக மூடிக்கொண்டு, மறுகையாலும் பல்லாலும் டேப்பைக் கிழித்து, கோட்டைச் சுவரை ஒட்ட ஆரம்பித்தாள்.